‘நோயாளி மறுத்துவிட்டார்’: கிரீன்ஸ்பரோவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

புற்றுநோய் மருத்துவமனைக் கோப்புகளில் அடிக்கடி தென்படும் வரி ஒன்று உண்டு: “நோயாளி சிகிச்சைக்கு மறுத்துவிட்டார்.” அந்த வரி விழுந்ததும் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார், நோயாளி கேட்கவில்லை, அவ்வளவுதான். யாருடைய தூக்கத்தையும் கெடுக்காத வரி.

அதை அப்படியே விட்டுவிடாமல் பிரித்துப் பார்த்த ஊர் கிரீன்ஸ்பரோ. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கறுப்பினப் புற்றுநோயாளிகளுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இருந்த அவநம்பிக்கையை எப்படிக் கையாண்டார்கள், எது பலித்தது, எது இன்னும் கேள்வியாகவே நிற்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை புற்றுநோயில் தொடங்கவில்லை. ஒரு பல்வலியில் தொடங்குகிறது.

பல்வலியும் ஒரு வழக்கும்

ஜார்ஜ் சிம்கின்ஸ் கிரீன்ஸ்பரோவில் பல் மருத்துவர். கறுப்பினத்தவர். (ஆள் பிடிவாதக்காரர். 1955ல் வெள்ளையர்களுக்கென்று வைத்திருந்த கோல்ஃப் மைதானத்தில் நண்பர்களோடு போய் விளையாடிக் கைதானவர்.) அவரிடம் பல்லில் சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஒரு நோயாளி வந்தார். மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டிய நிலை. கறுப்பினத்தாருக்கான மருத்துவமனையில் உடனே இடம் கிடைக்கவில்லை. ஊரில் வேறு இரண்டு மருத்துவமனைகள் இருந்தன: மோசஸ் கோன், வெஸ்லி லாங். மோசஸ் கோனில் கறுப்பின நோயாளிக்குக் கதவு கொஞ்சமாகத் திறக்கும், நிபந்தனைகளோடு. வெஸ்லி லாங்கில் திறக்கவே திறக்காது.

இரண்டுமே அரசுப் பணம் வாங்கியவை. மருத்துவமனை கட்ட நிதி தந்த 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டத்திலேயே, இனவாரியாகத் தனித்தனி மருத்துவமனை வைத்துக்கொள்ளலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று ஒரு சலுகை எழுதப்பட்டிருந்தது. 1962ல் சிம்கின்ஸும் சில கறுப்பின டாக்டர்களும் பல் மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனைகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1964 மார்ச்சில் அது மனுவை எடுக்க மறுத்துவிட்டது. நாடு முழுக்க மருத்துவமனைகளில் இனப் பிரிவினையை உடைத்ததில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தீர்ப்பு வந்தபோது 20 வயதில் இருந்த ஒருவருக்கு 2013ல் 70 வயது. நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் தலைகாட்டும் வயது அதுதான். அன்றைய இரண்டு மருத்துவமனைகளும் இன்று கோன் ஹெல்த் என்ற ஒரே அமைப்பில் இருக்கின்றன. அதன் புற்றுநோய் மையம் இருப்பது வெஸ்லி லாங் வளாகத்தில். தன் தாயையோ தகப்பனையோ உள்ளே விடாத வாசல் வழியாகத்தான் அந்த 70 வயதுக்காரர் கீமோவுக்கு வர வேண்டும். அவர் டாக்டரைச் சந்தேகமாகப் பார்த்தால் அதற்குப் பெயர் அறியாமையா, ஞாபகசக்தியா?

மருத்துவத்தின் மீதான கறுப்பின மக்களின் அவநம்பிக்கை பற்றிப் பேசினாலே டஸ்கீகியை இழுப்பது வழக்கம். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த அரசு ஆய்வு. பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. 1951ல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸின் செல்களை அவரிடம் கேட்காமலேயே எடுத்து, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்த்தார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் கொடுமை. ஆனால் இவற்றை மட்டும் சொல்வதில் மருத்துவமனைக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது என்பது என் எண்ணம். அது வேறு ஊர், வேறு காலம், வேறு ஆட்கள் செய்தது என்று ஆகிவிடுகிறது. கிரீன்ஸ்பரோவில் அந்தச் சௌகரியம் கிடையாது. வாசல் அதேதான்.

அறுவை மேசைக்கு வராதவர்கள்

1999ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பீட்டர் பாக் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 10,984 பேரின் பதிவுகள். அறுவை சிகிச்சை பெற்றவர்கள் வெள்ளையரில் 76.7 சதவீதம், கறுப்பினத்தவரில் 64. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 34.1, 26.4 சதவீதம். ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது: 42.9, 39.1. எல்லோருக்கும் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பணம் இல்லை என்ற ஒற்றைக் காரணம் இங்கே எடுபடாது. உயிர்பிழைப்பில் தெரிந்த இடைவெளியில் பெரும்பங்கு, அறுவை மேசைக்குப் போகும் வழியிலேயே உண்டாகியிருந்தது.

வழியில் என்னதான் ஆகிறது? 2003ல் வந்த ஒரு ஆய்வு ஒரு பக்கத்தைக் காட்டியது. ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ், சார்ல்ஸ்டன் நகரங்களின் மருத்துவமனைகளில் 626 நோயாளிகளிடம், ஆபரேஷனின்போது காற்றுப் பட்டால் புற்று பரவும் என்று நம்புகிறீர்களா என்று கேட்டார்கள். கறுப்பினத்தவரில் 61 சதவீதமும் வெள்ளையரில் 29 சதவீதமும் ஆம் என்றார்கள். எனக்கு அந்த 61ஐ விட இன்னொரு எண் முக்கியமாகப் படுகிறது: கறுப்பினத்தவரில் 14 சதவீதம் பேர், டாக்டரே அது தவறு என்று சொன்னாலும் நம்ப மாட்டோம் என்றார்கள்.

இதைப் படித்ததும் விழிப்புணர்வு முகாம் நடத்தலாம், துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ‘கத்தி வைத்தால் பரவும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? முற்றிய பிறகே நோய் கண்டுபிடிக்கப்படும் ஒரு சமூகத்தில், நெஞ்சைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாது என்று தைத்து அனுப்பப்பட்டவர்களை எல்லோருக்கும் தெரியும். போகும்போது நடந்து போன சித்தப்பா, ஆபரேஷன் ஆகி ஆறு மாதத்தில் போய்விட்டார். பார்த்தவர்கள் பார்த்ததை வைத்து முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு தவறு. அவர்கள் பார்த்தது தவறில்லை. துண்டுப் பிரசுரம் பேசுவது முடிவோடு மட்டும்தான். சித்தப்பாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது.

மறுபக்கத்தைக் காட்டியது சாமுவேல் சைகர்ட் என்ற வட கரோலினா டாக்டரின் குழு, 2010ல். ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 386 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் ஆனது வெள்ளையரில் 66 சதவீதம், கறுப்பினத்தவரில் 55. எந்த இனமானாலும், டாக்டருடன் பேச்சு சரியாக அமையவில்லை என்று உணர்ந்தவர்கள் அறுவைக்குப் போவது குறைந்தது. ஆபரேஷன் செய்தாலும் ஓராண்டுக்கு மேல் தாங்க மாட்டோம் என்று நினைத்தவர்களும் அப்படியே. அப்புறம் இன்னொன்று. கூடவே இரண்டோ அதற்கு மேலோ நோய்கள் இருந்த கறுப்பின நோயாளிகளில் அறுவை மேசைக்கு வந்தவர்கள் 13 சதவீதம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவரைத் தாங்குவார், தாங்க மாட்டார் என்று எடைபோடுவது நோயாளி இல்லையே. ‘மறுத்துவிட்டார்’ என்ற கணக்கில் டாக்டர்களின் தயக்கமும் கலந்திருந்தது. ஒருவர் அரைமனதாகச் சொல்ல, மற்றவர் அரைமனதாகத் தலையாட்ட, இருவருக்கும் நடுவில் ஒரு உயிர் கைநழுவுகிறது.

ஒரே மேசையில்

2003ல் கிரீன்ஸ்பரோவில் ஒரு கூட்டமைப்பு உருவாகியிருந்தது: கிரீன்ஸ்பரோ சுகாதார ஏற்றத்தாழ்வுக் கூட்டமைப்பு. ஊர் மக்கள், மருத்துவமனைக்காரர்கள், வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இதில் ஒரு நிபந்தனை: வருகிற எல்லோரும் முதலில் இனவாதம் எப்படி ஒரு அமைப்புக்குள் வேலை செய்கிறது என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பேராசிரியருக்கும் விலக்கில்லை. தனிமனிதர்களின் கெட்ட எண்ணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, நல்ல எண்ணம் கொண்டவர்கள் நடத்தும் ஒரு அலுவலக நடைமுறை எப்படி ஒரு பிரிவினரை மட்டும் தொடர்ந்து தவறவிடுகிறது என்று பார்க்க அந்தப் பயிற்சி பழக்கியது.

அந்த மேசையிலிருந்து வந்த இரண்டு வார்த்தைகள் பிற்பாடு முழு ஆய்வையும் தாங்கின: வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல். சமூகப் போராட்டக்காரர்கள் நகராட்சியிடமும் போலீசிடமும் கேட்கும் வார்த்தைகள். அவற்றைப் புற்றுநோய் வார்டில் கேட்டால் எப்படியிருக்கும் என்பதுதான் கேள்வி.

‘அக்யூர்’ என்ற பெயரில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியோடு ஆய்வு நடந்தது. இடங்கள் இரண்டு: கிரீன்ஸ்பரோவின் கோன் ஹெல்த் புற்றுநோய் மையம், பிட்ஸ்பர்க்கின் ஹில்மன் மையம். ஆரம்பக் கட்ட மார்பக, நுரையீரல் புற்றுநோயாளிகள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும்.

செய்தது என்ன

முதல் வேலை கணினியில். ஒவ்வொரு நோயாளிக்கும் அடுத்தடுத்து நடக்க வேண்டியவை தெரியும்: இத்தனை நாளுக்குள் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும், இத்தனை நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், இத்தனை சுற்றுக் கீமோ முடிய வேண்டும். ஒரு அப்பாயின்ட்மென்ட் தவறினாலோ, நடக்க வேண்டியது உரிய நாளில் நடக்காவிட்டாலோ மின்னணுப் பதிவேட்டிலிருந்து எச்சரிக்கை கிளம்பும். சாதாரணமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நோயாளி வரவில்லை. அன்றைய பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு. அடுத்த நோயாளி அழைக்கப்படுகிறார். வந்தவர்களைக் கவனிக்கத்தான் மருத்துவமனை கட்டப்பட்டிருக்கிறது; வராதவர் யாருடைய வேலையும் இல்லை. மூன்று மாதம் கழித்து யாராவது கோப்பைப் புரட்டினால் அந்த வரி ஏறிவிடும்.

எச்சரிக்கை போய்ச் சேருவது ஒரு வழிகாட்டிச் செவிலியரிடம். நேவிகேட்டர் என்பார்கள். இந்தப் பதவி புதிதில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் ஹரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் 1990ல் தொடங்கிவைத்தது. அங்கே 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்கு வந்த 606 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். ஐந்தாண்டு தாண்டியவர்கள் 39 சதவீதம். 1979ல் பரிசோதனை முகாமைக் கொண்டுவந்து, பிறகு வழிகாட்டிகளையும் அமர்த்திய பின், 1995 முதல் 2000 வரை வந்த 325 பேரில் அது 70 சதவீதமானது. அந்தக் காலத்தில் மருந்துகளும் மேம்பட்டன, எனவே முழுப் பெருமையையும் வழிகாட்டிகளுக்கே எழுதிவிட முடியாது.

கிரீன்ஸ்பரோவின் வழிகாட்டிக்குக் கூடுதலாக ஒரு பயிற்சி இருந்தது. கறுப்பின நோயாளிகள் மருத்துவமனையில் எங்கெங்கே இடறுகிறார்கள், அவர்களுடைய சந்தேகத்தின் பின்னணி என்ன என்பது அவருக்குத் தெரியும். எச்சரிக்கை வந்ததும் போன் செய்வார். ஒரு உதாரணத்துக்கு, நோயாளி “வேண்டாம், கடவுள் விட்ட வழி” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி மருத்துவமனையில் அது கடைசி வாக்கியம். இங்கே அது முதல் வாக்கியம். ஏன் என்று கேட்கிறார். பேச்சு வளரும்போது வேறு ஏதாவது வெளியே வரும்: வீட்டில் படுத்திருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, போன தடவை வந்தபோது டாக்டர் கணினியைப் பார்த்தே பேசினார், அண்ணன் ஆபரேஷனில் போனார். முதலாவதற்கு ஏற்பாடு செய்யலாம். இரண்டாவதை டாக்டரிடம் கொண்டுபோகலாம். மூன்றாவதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கேட்ட பிறகே ஸ்கேன் படத்தைக் காட்டி, அண்ணனுக்கு இருந்த கட்டம் வேறு, உங்களுக்கு இருப்பது வேறு என்று சொல்ல இடம் பிறக்கும்.

இந்தத் தொலைபேசி அழைப்பைப் பலரும் ‘பரிவு’ என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது அழைப்பு வந்த நேரம். நோயாளி வராத வாரத்திலேயே வருகிறது. நான் வராததை இங்கே ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிகிறது. உள்ளே விடாமல் இருந்த இடம், இப்போது ஏன் வரவில்லை என்று கேட்கிறது. நம்புங்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மூன்றாவது வேலைதான் டாக்டர்களுக்குக் கசப்பானது. ஒவ்வொரு மையத்திலும் ஒரு டாக்டர் பொறுப்பேற்று, சிகிச்சை முடித்தவர்களின் எண்களை இனவாரியாகப் பிரித்துச் சக டாக்டர்களுக்குக் காட்டினார். ஊரின் எண், நாட்டின் எண் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இது அவர்களுடைய சொந்த நோயாளிகளின் எண். நான் யாரையும் வேற்றுமையாக நடத்துவதில்லை என்று ஒவ்வொரு டாக்டரும் மனதார நம்புகிறார். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனாலும் எண்ணில் இடைவெளி நிற்கிறது. அந்த இடத்தில்தான் பேச்சு தொடங்க முடியும். இவற்றோடு ஊழியர்கள் எல்லோருக்கும் அவ்வப்போது சமத்துவப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வகுப்பு எங்கும் நடக்கிறது.

என்ன கிடைத்தது

ஆய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் வெள்ளையரில் 87.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 79.8. ஆய்வின்போது 89.5, 88.4. இடைவெளி புள்ளியியல் கணக்கில் இல்லாமலே போனது.

இதே முறையை நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டும் ஐந்து மையங்களில் செய்து பார்த்ததன் முடிவுகள் 2019ல் வெளியாயின. முன்பு அறுவை சிகிச்சையோ துல்லியக் கதிர்வீச்சோ பெற்றவர்கள் வெள்ளையரில் 78 சதவீதம், கறுப்பினத்தவரில் 69. புதிய முறையில் 95, 96.5. 1999ன் அந்தப் பழைய இடைவெளி, மனிதர்களின் மனதை மாற்றக் காத்திராமல், சில ஆண்டுகளில் மூடிவிட்டது.

வெள்ளையரின் எண் 78லிருந்து 95க்கு ஏறியதைக் கவனித்தீர்களா? வசதியானவர்களின் பங்கைப் பிடுங்கித்தான் சமத்துவம் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம். வராதவரைத் தேடும் ஏற்பாடு எல்லா வராதவர்களையும் தேடியது. வெள்ளையரிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழ்கிறவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு.

சந்தேகங்கள்

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமான ஒப்பீடு பழைய ஆண்டுகளின் பதிவுகளோடு. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனையின் உறுதி இதற்குக் கிடையாது. ஆய்வில் சேரச் சம்மதித்தவர்கள் கொஞ்சமாவது நம்பிக்கை உள்ளவர்களாக இருந்திருக்கலாம். முதல் பேச்சிலேயே எழுந்து போனவர்கள் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? எச்சரிக்கை, வழிகாட்டி, எண்கள், வகுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்ததால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. நிர்வாகிகளுக்கு இது உடனே உறுத்தும், ஏனென்றால் நான்கில் எதை வெட்டலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

என்னிடம் கேட்டால் வகுப்பை வெட்டலாம். எண்களைக் காட்டுவதை வெட்டவே கூடாது. வழிகாட்டிச் செவிலியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், டாக்டர்களின் பக்கம் மாறாவிட்டால் அவர் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். நோயாளியைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவார்; உள்ளே அதே அரைமனதுப் பேச்சு காத்திருக்கும். இரண்டு கூடுதல் நோய்கள் இருந்தவர்களின் அந்த 13 சதவீதத்தை எந்தத் தொலைபேசி அழைப்பும் உயர்த்தியிருக்காது. இது ஆய்வாளர்களின் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், என் வாசிப்பு.

‘நம்பிக்கை’ என்று ஒன்றைத் தனியே அளந்து, அது இவ்வளவு கூடியது என்று காட்டி இந்த ஆய்வு பேர் வாங்கவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. அளந்தது சிகிச்சை முடிந்ததா என்பதை. ஒருவர் மனதுக்குள் மருத்துவமனையைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் படுத்தார் என்பது அவர் விஷயம். 75 வயதில் அவர் தன் சந்தேகத்தை முழுசாக வைத்துக்கொண்டே குணமாகலாம்.

2016ல் கோன் ஹெல்த் நிர்வாகம், சிம்கின்ஸ் வழக்கில் வாதிகளாக இருந்தவர்களில் அன்று உயிரோடு எஞ்சியிருந்த டாக்டர் ஆல்வின் பிளவுன்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அவருக்கு அப்போது 94 வயது. சில மாதங்களில் காலமானார். எண்கள் மாறுவதற்கு உழைத்த பிறகு கேட்ட மன்னிப்பு என்பதால் அதற்கு ஒரு எடை இருந்தது என்றே நினைக்கிறேன். முதலில் மன்னிப்பு, பிறகு வேலை என்று வரிசை மாறியிருந்தால் ஊர் அதை எப்படி வாங்கிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

மிச்சமிருப்பது பணம். ஆய்வு நிதி தீர்ந்ததும் வழிகாட்டியின் சம்பளத்தை யார் தருவது என்ற கேள்வியில்தான் இப்படிப்பட்ட முயற்சிகள் பாதியில் நின்றுவிடுகின்றன. 2005லேயே வழிகாட்டிகளுக்காக அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அது குறிப்பிட்ட காலத்துக்கு நிதி தரும் ஏற்பாடு. 2024 ஜனவரி முதல் மெடிகேர், புற்றுநோய் போன்ற கடும் நோய்களுக்கு வழிகாட்டும் வேலையையே கட்டணம் வாங்கத்தக்க சேவையாக ஏற்று, அதற்கெனக் குறியீடுகள் கொடுத்திருக்கிறது. ஆக, போன் செய்வதற்கு இனி பில் போடலாம். டாக்டர்களைக் கூட்டி உட்காரவைத்து அவர்களுடைய எண்களை இனவாரியாகப் படித்துக் காட்டுவதற்கு அப்படி ஒரு குறியீடு இல்லை. அதற்குப் பெரிய செலவும் இல்லை.